பெர்ஃபெக்ட் டென்ஸ்: பாதி நமக்கு ஏற்கனவே தெரியும்

வேலைக்கு நேர்காணல் நடக்கும் அறைகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் மூன்று வாக்கியங்கள் இவை.

‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம் இன் 2019.’
‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2020.’
‘லாஸ்ட் மந்த் ஐ ஹேட் கான் டு பெங்களூர்.’

ஆங்கில இலக்கணப்படி மூன்றும் தவறு. ஆனால் அவற்றை அப்படியே தமிழாக்கிப் பாருங்கள்: ‘2019இல் பி.காம் முடித்திருக்கிறேன்’, ‘2020இலிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்’, ‘போன மாசம் பெங்களூர் போயிருந்தேன்’. ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. பேசியவர் தமிழ் இலக்கணத்தைப் பிசகில்லாமல் ஆங்கிலத்தில் பின்பற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

பள்ளியில் பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணையை நாம் எல்லோரும் நோட்டில் எழுதியிருக்கிறோம். அதில் பெர்ஃபெக்ட் வரிசைக்கு நேராக ‘ஹேவ், ஹேஸ் பிளஸ் வி த்ரீ’ என்று ஒரு ஃபார்முலா இருக்கும். ஃபார்முலா சரிதான். ஆனால் அதை எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பதை எந்தக் கட்டமும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், தமிழ் பேசுகிறவருக்கு பெர்ஃபெக்ட் டென்ஸின் பெரும்பகுதி ஏற்கனவே வாயில் இருக்கிறது. நான்கு இடங்களில் மட்டும் இரண்டு மொழிகளும் வேறு வேறு வழியில் போகின்றன. அந்த நான்கையும் பார்த்துவிட்டால் போதும்.

முதலில் உருவம்

ஐ, யூ, வீ, தே என்றால் ‘ஹேவ்’. ஹீ, ஷீ, இட் என்றால் ‘ஹேஸ்’. கடந்த காலத்தில் எல்லோருக்கும் ‘ஹேட்’. எதிர்காலத்தில் எல்லோருக்கும் ‘வில் ஹேவ்’. இவற்றின் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் வர வேண்டும். ‘கோ, வென்ட், கான்’, ‘ஈட், ஏட், ஈட்டன்’ என்று வகுப்பே கோரஸாகச் சொல்லுமே, அதில் கடைசியாக வருவது.

இரண்டாவது வடிவம் சாதாரண இறந்த காலத்துக்கு உரியது. அது ‘ஹேவ்’ பக்கமே வராது. அதனால் ‘ஐ ஹேவ் வென்ட்’ கிடையாது, ‘ஐ ஹேவ் கான்’தான். ‘கம், கேம், கம்’, ‘ரன், ரேன், ரன்’ இரண்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மூன்றாவது வடிவம் திரும்பவும் முதல் வடிவத்தைப் போலவே ஆகிவிடுவதால் பலர் சந்தேகப்பட்டு ‘ஹீ ஹேஸ் கேம்’ என்கிறார்கள். ‘ஹீ ஹேஸ் கம்’ என்பதே சரி. மற்றபடி ‘வொர்க்ட்’, ‘ஃபினிஷ்ட்’ போன்ற பெரும்பாலான சொற்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான். ‘கட்’, ‘புட்’ மூன்று வடிவத்திலும் மாறாது.

இப்போது தமிழைப் பாருங்கள். ‘வந்திருக்கிறான்’ என்பதைப் பிரித்தால் ‘வந்து’, ‘இருக்கிறான்’ என்று இரண்டு துண்டு. ‘வந்து’ மாறவே மாறாது. காலம் எல்லாம் ‘இரு’வின் பொறுப்பு. வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்திருப்பான். ஆங்கிலத்திலும் அதே கதை. ‘ஹீ ஹேஸ் கம்’, ‘ஹீ ஹேட் கம்’, ‘ஹீ வில் ஹேவ் கம்’ என்று ‘கம்’ அசையாமல் நிற்க, ‘ஹேவ்’ மட்டும் உரு மாறுகிறது. நாம் ‘இரு’வை வைத்துச் செய்வதை அவர்கள் ‘ஹேவ்’ வைத்துச் செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஆங்கிலமும் போதல், வருதல் போன்ற சில வினைகளுக்கு நம்மைப் போல ‘இரு’வைத்தான் போட்டது. ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் இன்றும் ‘கிறைஸ்ட் இஸ் ரிசன்’ என்பார்கள். ‘ஹேஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘இஸ்’ நிற்பது அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம். ஜெர்மன் மொழியில் ‘வந்திருக்கிறேன்’ என்பதற்கு இன்றைக்கும் ‘இரு’வின் வினைதான் வரும்.

பேச்சு இப்போதைப் பற்றியது

காலையில் கதவைத் திறக்கிறீர்கள். வாசல் நனைந்து கிடக்கிறது. ‘அட, மழை பெய்திருக்கிறது’ என்கிறீர்கள். மழையை நீங்கள் பார்க்கவில்லை, எத்தனை மணிக்குப் பெய்தது என்றும் தெரியாது. கண் முன்னால் இருக்கிற ஈரத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். ஆங்கிலத்தில் அது ‘இட் ஹேஸ் ரெயின்ட்’. அதே மழையைப் பற்றி மத்தியானம் நண்பரிடம் கதை சொல்லும்போது ‘நேற்று ராத்திரி மழை பெய்தது’ என்பீர்கள். அது ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. முதல் வாக்கியத்தில் பேச்சு இந்த நிமிடத்தில் நிற்கிறது. இரண்டாவதில் நேற்றைக்குப் போய்விட்டது. பிரசன்ட் பெர்ஃபெக்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. செயல் முடிந்த ஒன்றாக இருக்கலாம், ஆனால் அதன் விளைவு இப்போது உங்கள் கையில் இருக்க வேண்டும். பெயரிலேயே ‘பிரசன்ட்’ என்று இருப்பதும் அதனால்தான்.

1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கியதும் நீல் ஆம்ஸ்ட்ராங் ஹூஸ்டனுக்குச் சொன்னது: ‘தி ஈகிள் ஹேஸ் லேண்டட்.’ ஈகிள் என்ற அந்தக் கலம் அந்த நொடியில் நிலவில் நின்றுகொண்டிருந்தது. அதனால் ‘ஹேஸ் லேண்டட்’. இன்றைக்கு அதை நாம் சொன்னால் ‘தி ஈகிள் லேண்டட் ஆன் தி மூன் இன் 1969’ என்றுதான் சொல்ல வேண்டும். செய்தி வரலாறாகிவிட்டது, ஆண்டும் கூடவே வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இஸ்ரோ வெளியிட்ட அறிவிப்பிலும் அதே வடிவம்தான்: ‘சந்திரயான்-3 ஹேஸ் சக்ஸஸ்ஃபுலி சாஃப்ட்-லேண்டட் ஆன் தி மூன்.’ செய்தி வாசிப்பாளர்களும் இப்படித்தான் செய்வார்கள். முதல் வரியில் ‘ஹேஸ் லேண்டட்’ என்று அறிவித்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து ‘எத்தனை மணிக்கு, எப்படி’ என்ற விவரத்தைச் சாதாரண இறந்த காலத்தில் சொல்வார்கள். ஆங்கிலச் செய்தியை ஒரு வாரம் இந்த ஒரு விஷயத்துக்காகவே கேளுங்கள். அட்டவணையைவிட அதிகம் கற்றுத்தரும்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமானால் நேருவிடம் போகலாம். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு உரையின் தொடக்கம் ‘லாங் இயர்ஸ் அகோ வீ மேட் எ ட்ரிஸ்ட் வித் டெஸ்டினி.’ ‘அகோ’ என்ற சொல் வந்ததுமே ‘ஹேவ் மேட்’ போட இடமில்லை. சில மாதம் கழித்து, 1948 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட இரவு. வானொலியில் நேரு: ‘தி லைட் ஹேஸ் கான் அவுட் ஆஃப் அவர் லைவ்ஸ்.’ விளக்கு அணைந்துவிட்டது, இப்போது இருட்டில் இருக்கிறோம் என்பதால் ‘ஹேஸ் கான்’. கொஞ்ச நேரத்தில் அதே பேச்சில் தன்னையே மறுக்கிறார்: ‘தி லைட் ஹேஸ் கான் அவுட், ஐ செட், அண்ட் யெட் ஐ வாஸ் ராங்.’ சொன்னது கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான். ஆனாலும் அந்தக் கணம் முடிந்துவிட்டது என்பதால் ‘ஐ செட்’, ‘ஐ வாஸ்’. எவ்வளவு நேரம் கடந்தது என்பதை வைத்து டென்ஸ் முடிவாவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தமிழில் எப்போதும் ‘இருக்கிறது’ என்று முடிந்தால்தான் பெர்ஃபெக்ட் என்று நினைத்துவிடக் கூடாது. ‘சாவியைத் தொலைச்சுட்டேன்’, ‘அவர் வந்துவிட்டார்’, ‘சாப்பிட்டாச்சு’ எல்லாமே அந்த வேலையைச் செய்பவைதான். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்வது ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ.’ வீட்டுக்கு வந்தவரிடம் நாம் கேட்கும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பது ‘ஹேவ் யூ ஈட்டன்?’ சரி, இவ்வளவு தூரம் இரண்டு மொழியும் கைகோத்துத்தான் வருகின்றன. இனி பிரியும் இடங்கள்.

நேரம் சொன்னால் ‘ஹேவ்’ போய்விடும்

தமிழ் இதில் தாராளம். ‘2010இல் டெல்லிக்குப் போயிருக்கிறேன்’ என்று ஆண்டையும் சொல்லி, ‘இருக்கிறேன்’ என்றும் முடிக்கலாம். ஆங்கிலம் இதைத் தாங்காது. முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் வரக் கூடாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேஸ் அகோ, வென் ஐ வாஸ் எ சைல்ட் எல்லாம் இந்தக் கூட்டம். ‘எப்போது’ என்று கேட்கும் ‘வென்’னும் அப்படியே: ‘வென் டிட் யூ கம்?’ என்றுதான் கேட்க வேண்டும். ‘வென் ஹேவ் யூ கம்?’ தவறு.

ஆக அந்த நேர்காணல் வாக்கியத்துக்கு இரண்டு மருந்து உண்டு. ஆண்டு வேண்டுமானால் ‘ஐ கம்ப்ளீட்டட் மை பி.காம் இன் 2019.’ ஆண்டு முக்கியமில்லை, பட்டம் கையில் இருக்கிறது என்பதே செய்தி என்றால் ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.காம்.’ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணிக்காமல் இருந்தால் போதும்.

இன்னும் முடியாத நேரத்துடன் பெர்ஃபெக்ட் நன்றாகச் சேரும். டுடே, திஸ் வீக், திஸ் இயர், ஸோ ஃபார், எவர், நெவர், ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ‘திஸ் மார்னிங்’ மட்டும் கடிகாரத்தைப் பார்த்து நடந்துகொள்ளும். காலை பத்து மணிக்குப் பேசினால் ‘ஐ ஹேவ் ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’. மாலை நான்கு மணிக்கு அதே காபியைப் பற்றிச் சொன்னால் ‘ஐ ஹேட் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்’. காலைப் பொழுது முடிந்துவிட்டதே.

மனிதர்களுக்கும் இது பொருந்தும். ஏ.ஆர். ரகுமான் ‘ஹேஸ் வொன் டூ ஆஸ்கர்ஸ்’ என்று சொல்லலாம். இன்னும் இசையமைத்துக்கொண்டிருக்கிறார், மூன்றாவதும் வரலாம். எப்போது வாங்கினார் என்று தொடர்ந்தால் ‘ஹீ வொன் தெம் இன் 2009’. சர் சி.வி. ராமனைப் பற்றி ஆண்டே சொல்லாமல் பேசினாலும் ‘ராமன் வொன் தி நோபல் பிரைஸ்’தான். அவர் 1970இல் மறைந்தார். அவர் வாழ்க்கைக் கணக்கு முடிந்துவிட்டது. ஆங்கில வாக்கியத்தின் டென்ஸைப் பார்த்தே, பேசப்படுபவர் உயிரோடு இருக்கிறாரா என்று பல சமயம் ஊகிக்கலாம். கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் கறார் குறைவு. லண்டனில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்பதை நியூயார்க்கில் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ‘டிட் யூ ஈட் யெட்?’ என்பதும் அங்கே சாதாரணம். நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுபவை. தேர்வுக்குப் படிப்பவர் அதையே பிடித்துக்கொள்வது பத்திரம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளாத ஒன்று உண்டென்றால் அது ‘ஐ ஹேவ் ஈட்டன் யெஸ்டர்டே’.

இன்னும் தொடர்கிறது என்றால்

‘பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்.’ தமிழில் இது சுத்தமான நிகழ்காலம். இன்றும் இருக்கிறேன், வேறென்ன வேண்டும்? ஆங்கிலம் வேறு மாதிரி யோசிக்கிறது. அன்று தொடங்கி இன்று வரை நீளும் ஒன்றுக்கு வெறும் நிகழ்காலம் போதாது என்கிறது. அதனால் ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. இரண்டாவது நேர்காணல் வாக்கியம் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2020’ என்று ஆக வேண்டும். ‘காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதும் ‘ஐ ஆம் ரீடிங்’ ஆகாது, ‘ஐ ஹேவ் பீன் ரீடிங் சின்ஸ் திஸ் மார்னிங்’. அங்கே ‘கொண்டிருக்கிறேன்’ என்ற ஒலி ‘ஆம் ரீடிங்’ என்று காதில் ஓதும், நம்ப வேண்டாம். ‘காலையிலிருந்து’ என்ற சொல்லைப் பாருங்கள்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்துக்குத் தமிழே தீர்வு வைத்திருக்கிறது. ‘இலிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ்’: 2020இலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து, சின்ன வயதிலிருந்து. ‘ஆக’ என்று வந்தால் ‘ஃபார்’: பத்து வருஷமாக, மூன்று நாளாக, ரொம்ப நேரமாக. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று வாயில் வராது.

சில வினைகள் ‘இங்’ வால் ஒட்டவிடாது. தெரிதல், பிடித்தல், இருத்தல், நம்புதல் போன்ற நிலைகள் அவை. ‘அவரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும்’ என்பது ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.’ ‘ஹேவ் பீன் நோயிங்’ என்று ஒன்று இல்லை. டாக்டரிடம் ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் மண்டே’ என்று நாம் சொல்வதும் இதே வகை. ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் சின்ஸ் மண்டே’ என்பது சரி. ‘ஹேவ் ஹேட்’ என்று இரண்டு முறை வருவதைப் பார்த்துத் திக்க வேண்டாம். முதலாவது நம் ‘இரு’வின் வேலையைப் பார்க்கிறது, இரண்டாவது காய்ச்சலைக் குறிக்கும் உண்மையான வினை. ‘ஐ ஹேவ் டு கோ’ என்பதிலும் ‘ஹேவ்’ இருக்கிறதே என்று கேட்கலாம். அது ‘போக வேண்டும்’; அதற்கும் பெர்ஃபெக்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

இங்கேயே ஒரு சின்னக் கிளைக்கதை. ‘அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்’ என்றால் அப்பா வீட்டில் இல்லை. ‘அப்பா காசிக்கு இரண்டு தடவை போயிருக்கிறார்’ என்றால் அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘போயிருக்கிறார்’. ஆங்கிலம் பிரித்துவிடும்: முதலாவது ‘ஹேஸ் கான் டு மதுரை’, இரண்டாவது ‘ஹேஸ் பீன் டு காசி’. போய்த் திரும்பிய அனுபவத்துக்கு ‘பீன்’. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 3 அன்று மெம்ஃபிஸ் நகரில் பேசிய கடைசி உரையில் ‘ஐவ் பீன் டு தி மவுண்டன்டாப்’ என்றார். மலை உச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன் என்ற தொனி அந்த ‘பீன்’னில் இருக்கிறது. மறுநாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

‘வந்திருந்தார்’ என்ற பொறி

எனக்குத் தெரிந்து நம் அலுவலக ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பிழை இதுதான். ‘ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக்.’ ‘மை அங்கிள் ஹேட் கம் யெஸ்டர்டே.’ ‘நேற்று மாமா வந்திருந்தார்’ என்பதன் நிழல்.

தமிழில் ‘வந்திருந்தார்’ என்றால் வந்தார், இருந்தார், இப்போது இல்லை, கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். தனியாக நிற்கும் வாக்கியம், யார் துணையும் வேண்டாம். ஆங்கில ‘ஹேட் கம்’ அப்படித் தனியாக நிற்காது. கடந்த காலத்தில் ஏற்கனவே ஒரு புள்ளி வேண்டும். அதற்கும் முன்னால் நடந்ததற்குத்தான் ‘ஹேட்’. ‘நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் கிளம்பியிருந்தது’: ‘வென் வீ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.’ போனது ஒரு புள்ளி, ரயில் கிளம்பியது அதற்கும் முன்பு. இதில் ‘ஹேட்’டை எடுத்துவிட்டு ‘தி ட்ரெயின் லெஃப்ட்’ என்றால் கதையே மாறிவிடும்: நாங்கள் போய்ச் சேர்ந்தோம், எங்கள் கண் முன்னால் ரயில் கிளம்பியது.

மாமாவின் வருகைக்குப் பின்னால் அப்படி வேறு புள்ளி ஏதும் இல்லாவிட்டால் ‘மை அங்கிள் கேம் யெஸ்டர்டே’ போதும். மெயிலுக்கு ‘ஐ சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக்.’ பெங்களூருக்கு ‘ஐ வென்ட் டு பெங்களூர் லாஸ்ட் மந்த்.’ ‘ஹேட்’ போட்டால் மரியாதையாக, கனமாக ஒலிக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்கிற ஆங்கிலேயர் ‘சரி, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று காத்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் வருவதற்கு முன் நோயாளி இறந்துவிட்டார் என்ற உதாரணம் இல்லாத இலக்கணப் புத்தகம் நம் நாட்டில் அபூர்வம். ‘தி பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்.’ பாவம், தலைமுறை தலைமுறையாக அவர் செத்துக்கொண்டே இருக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாக்கியத்தில் ‘ஹேட்’ கட்டாயமே இல்லை. ‘பிஃபோர்’ என்ற சொல்லே எது முன்னால் என்று சொல்லிவிடுகிறது. ‘தி பேஷன்ட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்’ என்றாலும் பிழையில்லை. வரிசை தெளிவாக இல்லாத இடத்தில்தான் ‘ஹேட்’டின் அருமை தெரியும். கதையில் பின்னோக்கிப் போகும்போதும் முதல் ஒன்றிரண்டு வாக்கியத்தில் ‘ஹேட்’ போட்டு வாசகரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால், பிறகு சாதாரண இறந்த காலத்திலேயே தொடரலாம். பத்தி முழுக்க ‘ஹேட், ஹேட்’ என்று தட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை.

‘வரவில்லை’ எந்தக் காலம்?

நான்காவது இடம் எதிர்மறை. ‘நேற்று அவன் வரவில்லை’, ‘இன்னும் அவன் வரவில்லை’. இரண்டிலும் அதே ‘வரவில்லை’. தமிழ் எதிர்மறையில் காலத்தைக் காட்டும் இடைநிலையே காணாமல் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் நேற்றைக்கு ‘ஹீ டிடின்ட் கம் யெஸ்டர்டே’, இன்னும் வராதவனுக்கு ‘ஹீ ஹேஸின்ட் கம் யெட்’. ‘இன்னும்’ என்ற சொல்லோ அதன் வாடையோ இருந்தால் ‘ஹேஸின்ட்’ அல்லது ‘ஹேவின்ட்’. பில் கட்டவில்லை, சாப்பிடவில்லை, பதில் வரவில்லை என்று எதைச் சொன்னாலும் உள்ளுக்குள் ஒரு ‘இன்னும்’ சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் பெர்ஃபெக்ட். ஒரு சொல் எச்சரிக்கை: ‘டிடின்ட்’டுக்குப் பின்னால் முதல் வடிவம், ‘ஹேஸின்ட்’டுக்குப் பின்னால் மூன்றாவது வடிவம். ‘கம்’ என்ற வினையில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் தெரியாது. ‘டிடின்ட் கோ’, ‘ஹேஸின்ட் கான்’ என்று பார்த்தால் தெரியும்.

எதிர்கால பெர்ஃபெக்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘மார்ச்சுக்குள் முடித்திருப்பேன்’: ‘ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை மார்ச்.’ ‘இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்’ என்று ஊகிப்பதற்கும் ‘ஹீ வில் ஹேவ் அரைவ்ட் பை நவ்’ என்று அதே வடிவம். தமிழ் அப்படியே ஒத்துப்போகிறது, அன்றாடப் பேச்சில் வருவதும் குறைவு.

கேட்கும்போது ‘ஹேவ்’ பாதி விழுங்கப்பட்டுத்தான் வரும். ‘ஐவ்’, ‘ஷீஸ்’, ‘ஐட்’ என்று. ‘ஹீஸ் கான்’ என்றால் ‘ஹேஸ்’, ‘ஹீஸ் கோயிங்’ என்றால் ‘இஸ்’. ‘ஐட் கான்’ என்றால் ‘ஹேட்’, ‘ஐட் கோ’ என்றால் ‘வுட்’. பின்னால் வரும் வினை எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்டால் முன்னால் விழுங்கியது எது என்று தெரிந்துவிடும்.

போயிருக்கலாம், வந்திருப்பேன்

நம்மவர் பலர் பயந்து ஒதுங்கும் இடம் இது. உண்மையில் தமிழ் இங்கேதான் அதிகம் கைகொடுக்கிறது. ‘நீ வருவது தெரிந்திருந்தால் ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்.’ நடக்காமல் போன ஒன்று. ஆங்கிலம்: ‘இஃப் ஐ ஹேட் நோன் யூ வேர் கமிங், ஐ வுட் ஹேவ் கம் டு தி ஸ்டேஷன்.’ ‘தெரிந்து இருந்தால்’ என்பதற்கு ‘ஹேட் நோன்’, ‘வந்து இருப்பேன்’ என்பதற்கு ‘வுட் ஹேவ் கம்’. எங்கெல்லாம் நமக்கு ‘இரு’ வருகிறதோ அங்கெல்லாம் அவர்களுக்கு ‘ஹேவ்’. ‘இஃப்’ பக்கம் ‘இருந்தால்’, அதனால் ‘ஹேட்’. மறுபக்கம் ‘இருப்பேன்’, அதனால் ‘வுட் ஹேவ்’. இரண்டையும் இடம் மாற்றிப் போடாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. ‘தேர்ட் கண்டிஷனல்’ என்று புத்தகத்தில் பெயர் வைத்து மிரட்டுவது இதைத்தான்.

அதே மாதிரி ‘நீ ஒரு போன் பண்ணியிருக்கலாம்’ என்பது ‘யூ குட் ஹேவ் கால்ட்’. ‘அவன் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம்’ என்பது ‘ஹீ மே ஹேவ் மிஸ்ட் தி பஸ்’. தமிழில் இரண்டுக்கும் ‘இருக்கலாம்’தான், குறையாகச் சொல்கிறோமா, ஊகமாகச் சொல்கிறோமா என்பதைக் குரல் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் குறைக்கு ‘குட்’, ஊகத்துக்குப் பெரும்பாலும் ‘மே’ அல்லது ‘மைட்’. ‘வந்திருக்க வேண்டும்’ என்பதும் இப்படி இரட்டை வேஷம் போடும். ‘நேற்றே வந்திருக்க வேண்டும், வரவில்லை’ என்றால் ‘ஷுட் ஹேவ் கம்’. ‘செருப்பு வாசலில் கிடக்கிறது, வந்திருக்க வேண்டும்’ என்றால் ‘மஸ்ட் ஹேவ் கம்’.

இந்த இடங்களில் ‘ஹேஸ்’ வரவே வராது. ஹீ, ஷீ என்றாலும் ‘ஷுட் ஹேவ்’தான். நம் ‘இருக்க’வும் யாருக்காகவும் மாறாது: நான் வந்திருக்க வேண்டும், அவள் வந்திருக்க வேண்டும். பேச்சில் ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என்று தேய்ந்துவிடும். அதைக் காதில் கேட்டபடி எழுதி, ‘ஹேவ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆஃப்’ போட்டு ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதும் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் ஏராளம். இணையம் முழுக்க அது சிதறிக் கிடக்கிறது. அங்கே ஒளிந்திருப்பது ‘இருக்க’ என்று தெரிந்த தமிழருக்கு அந்தப் பிழை வர வாய்ப்பே இல்லை.